ஆக்ஸில் ஆறும் வரை

இன்னும் ஆறவில்லை. குபேந்திரன் உள்ளங்கையை இரும்புக் குழாயின் மேல் அழுத்தி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினான். நாலைத் தொடுவதற்குள் கையை உதறிக்கொண்டான். பத்து எண்ணும்வரை கை தாங்கினால்தான் அடுத்த வெல்டு. அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், சும்மா உட்காருவதைப் போல அவனுக்கு ஆகாத வேலை வேறு கிடையாது. கை ஓடினால் மண்டை நிற்கும், கை நின்றால் மண்டை ஓடத் தொடங்கிவிடும், ஓடி ஓடி ஒரே இடத்தில்தான் போய் முட்டும், அந்த ஒரே இடமும் இப்போது பட்டறைக்கு வெளியே புளியமரத்தடியில் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து பீடி இழுத்துக்கொண்டிருந்தது. தவமணி. தங்கச்சி வளர்மதியின் புருசன். ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிட்டான். உள்ளே வரமாட்டான், வீட்டுக்கும் போகமாட்டான். மூன்று வாரமாக இதே கூத்து. வண்டி அவனுடையது, வேலை அவனுக்காக நடக்கிறது, ஆனால் நாலு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை என்பதால் கேட்டுக்கு அந்தப் பக்கமே அவன் குடித்தனம். அப்பாவி மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு அங்கே காய்வதைப் பார்த்து, போடி ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் என்ன நினைப்பான்? மச்சினன்காரன் உள்ளே விடவில்லை என்றுதானே நினைப்பான்? எதிர்க்கடை டீக்காரர் நேற்று கிளாசை நீட்டிக்கொண்டே, மாப்பிள்ளைக்கும் ஒன்று கொடுத்துவிடவா என்று கேட்டார். கேட்ட தோரணையிலேயே தீர்ப்பு இருந்தது. யாருக்கு என்ன கொடுப்பது என்று உங்களுக்குத் தெரியாதா என்று குபேந்திரன் எரிந்து விழுந்தான். கிளாசைப் பாதியோடு வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டான்.

மறுபடி கை வைத்தான். ஐந்து. ஆக்ஸில் இரண்டு ஸ்டாண்டுகளின் மேல் படுத்துக் கிடந்தது, பிக்கப் வண்டியின் முன்பக்கத்துக்கென்று அவன் கையால் உருவாகிக்கொண்டிருக்கிற ஆக்ஸில், ஆனால் பார்த்தால் லாரிக்கு உள்ளதென்றுதான் யாரும் சொல்வார்கள். கோயம்புத்தூரில் ராணுவ ஏலத்துச் சாமான் விற்கிற இடத்தில் ஒரு நாள் முழுக்க நின்று பொறுக்கியது. நடுவில் கிரவுன் பினியன் என்கிற பல்சக்கரங்கள் உட்காருகிற கனத்த கூடு, அதன் இரண்டு பக்கமும் நீண்ட தடிக் குழாய்கள். பிக்கப்புக்கு அகலம் கூடுதல் என்பதால் இரண்டு முனையையும் அறுத்துக் குறைத்தாயிற்று. இனி முனைகளில் சக்கரம் திரும்புகிற நக்கிள்களை வைத்துச் சுற்றி வெல்டு பிடிக்க வேண்டும், டிரைவர் பக்கம் நேற்றே முடிந்தது, இன்றைக்குக் கிளீனர் பக்கம். கேட்பதற்குச் சுலபம். வெல்டு பட்ட இடம் ஆறும்போது இரும்பைத் தன் பக்கம் இழுக்கும், சின்னப் பிள்ளை சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி விடாமல் இழுக்கும், ஒரு மயிரிழை இழுத்துவிட்டால் போதும், உள்ளே சுற்றுகிற ஷாப்ட் கோணிக்கொண்டு ஓடும், ஓடி ஓடி ஒரு நாள் மலையில் வைத்துக் கழுத்தறுக்கும். அதற்காகத்தான் கூட்டின் நடுவழியாக இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு டம்மி ஷாப்டைச் செருகி வைத்திருந்தான், கடைசல் பிடித்த நேரான தண்டு. ஒவ்வொரு வெல்டுக்கும் பிறகு அதை இரண்டு விரலால் திருப்பிப் பார்ப்பான். இரண்டு விரலுக்குச் சுற்றினால் குழாய் நேராக இருக்கிறது. முழுக் கை கேட்டால் கோணிவிட்டது. ஒரே இடத்தில் சூடு ஏற்றக் கூடாது என்பதற்குக் கடிகாரத்தை நினைத்துக்கொள்வான்: பன்னிரண்டில் கட்டைவிரல் நீளம் ஒரு வெல்டு, எதிரே ஆறில் ஒன்று, பிறகு மூன்று, பிறகு ஒன்பது. இந்த ஊரில் எத்தனையோ பட்டறை இருக்கிறது, ஒருவனும் இப்படி உட்கார்ந்து கை வைத்து எண்ணமாட்டான், ஒரே இழுப்பில் சுற்றி வெல்டை ஓட்டிவிட்டுப் பெயின்ட் அடித்து அனுப்புவான். குபேந்திரனுக்கு அந்தப் பெருமை உண்டு. பன்னிரண்டும் ஆறும் முடிந்திருந்தது. விரலால் திருப்பினான், தண்டு வெண்ணெய் மாதிரி சுற்றியது.

பத்து எண்ணிவிட்டான். மூன்றில் வெல்டு. கண்ணாடியை இறக்கி, வெல்டிங் ராடைத் தொட்டு, கட்டைவிரல் நீளம் போனதும் சட்டென்று எடுத்து, கசடைத் தட்டி உதிர்த்துவிட்டு மறுபடி குந்தினான். குந்தியதும் மறுபடி அவன். அந்தப் பீடி. ஐப்பசி மழையில் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து இறங்கும்போதும் வாயில் பீடி இருந்திருக்கும். இருபத்திரண்டு பேர். பத்துப் பேர் நிற்கிற வண்டியில் இருபத்திரண்டு பேரை ஏற்றியவனை என்னவென்று சொல்வது? குரங்குப்பாறை வளைவில் முன் ஆக்ஸில் கழுத்தோடு ஒடிந்து, சக்கரம் ஒரு பக்கம் மடங்கி, வண்டி மலைப் பக்கமாகச் சாய்ந்தது. மலைப் பக்கம் சாய்ந்ததால் பிழைத்தார்கள், பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தால் இருபத்திரண்டு வீட்டில் ஒப்பாரி. எல்லாருக்கும் சிராய்ப்பு, ஒருத்திக்குத் தோள்பட்டை நழுவியது, முன்சீட்டில் இருந்தவளுக்கு மட்டும் இடது கால் பாறைக்கும் கதவுக்கும் நடுவில் சிக்கியது. முன்சீட்டில் இருந்தவள் வளர்மதி. மூன்று முறை அறுத்துத் தைத்தார்கள். இப்போது நடக்கிறாள், நடக்கிறாள் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான், ஒரு பக்கம் இடுப்பைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கிறாள், அவள் எட்டாவது படிக்கும்போது ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்துத் தட்டு வாங்கி வந்தவள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் அவளைப் போட்டிருந்தார்கள், பக்கத்தில் சட்டையெல்லாம் சேறாக இவன் நின்றிருந்தான், என்னடா பண்ணித் தொலைத்தாய் என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை, குபேந்திரன் விட்டான் ஒரு அறை. கன்னத்தில். அவன் சாதிசனம் அத்தனை பேருக்கும் முன்னால், வளர்மதி பார்த்துக்கொண்டிருக்க. இருபத்திரண்டு பேரை ஏத்துனியேடா பாவி என்று கத்தினான். அறை வாங்கியவன் ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அந்த மௌனத்தை நினைத்தால்தான் குபேந்திரனுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. திருப்பி அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும்.

ஏழு. எட்டு. கையை எடுத்தான். பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் பட்டறைக்கு வந்து, இந்த வண்டி வேலையெல்லாம் நீங்கள்தான் பார்ப்பீர்களாமே, எதனால் ஒடிந்தது என்று விசாரித்தார். ஓவர்லோடு சார் என்றான் குபேந்திரன். வேறென்ன சொல்வது, ஓவர்லோடு இல்லையா அது? இருபத்திரண்டு பேர் ஓவர்லோடு இல்லையென்றால் வேறு எது ஓவர்லோடு? தவமணியின் லைசென்சை மூன்று மாதத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். நல்லது என்று நினைத்தான், வண்டி இப்படியே கிடந்து துருப்பிடிக்கட்டும் என்று நினைத்தான். அப்புறம்தானே அவள் வந்து நின்றாள். தை பிறந்ததும் ஒரு நாள் ஆட்டோவில் வந்து இறங்கி, இடுப்பைத் தூக்கித் தூக்கிப் பட்டறை வாசலேறி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வண்டிக்குப் புதிதாக ஒரு ஆக்ஸில் செய்து கொடு, இந்த மாதிரி நூலாட்டம் வேண்டாம், நல்ல கனமாகச் செய் என்றாள். தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகிறவள் அவள்தான். வண்டி நின்றதிலிருந்து பெண்கள் விடியுமுன் எழுந்து இரண்டு மணி நேரம் நடந்தே ஏறுகிறார்களாம், அட்டைக் கடியோடு நிற்கிறார்களாம். ஏறட்டும், உனக்கென்ன என்று கேட்டான். பதினாலு பொம்பளைக என் மூஞ்சியத்தாண்ணே பாத்துக்கிட்டு இருக்காக என்றாள். சரி, செய்து தருகிறேன், நீ மட்டும் அந்த வண்டியில் இனி கால் வைக்கக் கூடாது என்று கறாராகச் சொன்னான். அவள் சிரித்தாள். ஸ்டோரில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிற வேலை தருவதாகத் தோட்டத்தில் சொல்லியிருக்கிறார்களாம், திங்கட்கிழமை முதல் வண்டியிலேயே போகப் போகிறாளாம், முன்சீட்டில், அதே இடத்தில். பயமாக இல்லையா என்று கேட்டதற்கு அவள் சொன்னதுதான் மூன்று வாரமாகத் தூங்கவிடாமல் குடைகிறது. ‘நீ செஞ்சதுல ஏறாம வேற எதுலண்ணே ஏற?’

பத்து. ஒன்பதில் வெல்டு வைக்கப் புது ராடை எடுத்து ஹோல்டரில் கவ்வினான், கண்ணாடியை இறக்கினான், உலகம் இருண்டு அந்தப் பச்சைப் பொட்டு மட்டும் எரிந்தது, திங்கட்கிழமை முன்சீட்டில் அவள், இன்னும் மூன்று நாள், இந்த இரும்பு நாற்பது பேரைத் தாங்கும், அதுதான் பயம், பழைய ஆக்ஸில் இருபத்திரண்டு பேரில் ஒடிந்து தொலைந்தது, அதாவது இருபத்திரண்டோடு நிறுத்து என்று அதுவாவது சொன்னது, இது சொல்லாது, இது ஊமை மாதிரி முப்பது பேரையும் சுமக்கும், முப்பத்தைந்தையும் சுமக்கும், பிரேக் அதே பிரேக், ஸ்டீயரிங் அதே ஸ்டீயரிங், ரோடு அதே ரோடு, ஆக்ஸில் மட்டும் யானைக்கால், மச்சான் கனமா செஞ்சு குடுத்துட்டாரு, ஏறுங்க ஏறுங்க என்று இவன் ஏற்றத்தான் போகிறான், பல்லை இளித்துக்கொண்டு ஏற்றத்தான் போகிறான், வராந்தாவில் ஒன்று விட்டது போதாது, இன்னும் நாலு விட்டிருக்க வேண்டும், மௌனமாக நின்றானே, பெரிய தியாகி, அவன் ஏன் வாயைத் திறக்கவில்லை, எனக்கு என்ன தெரியும், எனக்குத் தெரியும், தெரிந்ததை எதற்கு இப்போது, அளவாக ஏத்து என்று எத்தனை தடவை அவனிடம் சொல்லியிருப்பேன், இல்லை, ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, நான் சொன்னது வேறு, நான் அன்றைக்குச் சொன்னது, பச்சைப் பொட்டு படபடவென்று துடித்து அணைந்தது. ராடு தீர்ந்துவிட்டது. ஹோல்டர் நுனியில் பெருவிரல் அகலம்தான் மிச்சம். குபேந்திரன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தான். கட்டைவிரல் நீளம் போக வேண்டிய வெல்டு ஒன்பதில் தொடங்கிப் பன்னிரண்டை நோக்கிப் பாதி வழி வந்து நின்றது, சிவப்பாக, அழகாக, அலையலையாக. இப்படி ஒரு அழகான வெல்டை அவன் இந்த வருசத்தில் வைத்ததில்லை.

தண்டைத் திருப்பினான். இரண்டு விரலுக்கு அசையவில்லை. ஐந்து விரலும் கொடுத்தான். பைப் ரெஞ்சைப் போட்டான், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. ஆற ஆற இன்னும் இழுக்கும். வாயில் வந்த வசவையெல்லாம் ஆக்ஸிலைப் பார்த்துத் திட்டினான், ராடு விற்ற கடைக்காரனை, கரண்டை, வெயிலை, வெளியே உட்கார்ந்திருப்பவனை, அவனைப் பெற்றவளை. திட்டித் தீர்ந்தபோது பட்டறையில் இரும்பு ஆறுகிற டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது. ஒரே இழுப்பில் ஓட்டுகிறவர்களைப் பார்த்துச் சிரித்தவன் தானே ஓட்டிவிட்டான். இந்தக் கைதான். இரண்டு வருசத்துக்கு முன்னால் அதைச் செய்ததும் இந்தக் கைதான், இனி மண்டையை எங்கே திருப்பினாலும் அது அங்கேயே வந்து நின்றது. ஏறும்போது பின்பக்கம் ரோட்டில் உரசுது மச்சான் என்று தவமணி வந்து நின்றான். மலை ஏறுகிற வண்டிக்காரர்கள் எல்லாருமே இந்த ஒரு குறையைத்தான் சொல்வார்கள், இந்தப் பக்கத்துப் பட்டறைகள் எல்லாமே அதற்கு ஒரே வைத்தியம்தான் வைத்திருக்கின்றன, பின் ஸ்பிரிங் கட்டுக்குள் கூடுதலாக இரும்புப் பட்டை செருகுவது. குபேந்திரனும் செருகினான், பக்கத்துக்கு இரண்டு. தங்கச்சி வண்டி என்று நல்ல பட்டையாகப் பார்த்துச் செருகினான். பின் பம்பரின் மேல் ஏறி நின்று குதித்துக் காட்டினான். ‘இனிமே இடிச்சு ஏத்து மாப்ள, பின்னாடி அசையாது’ என்றான். அசையவில்லைதான். ஏறும்போது பின்னால் நிற்கிற பாரமெல்லாம் இறங்கும்போது பிரேக்கை மிதித்த நிமிசத்தில் முன்னால் வந்து உட்காரும் என்பது பத்தொன்பது வருசம் பட்டறை வைத்திருப்பவனுக்குத் தெரியாதா? தெரியும். நினைக்கவில்லை. வண்டிக்காரன் ஏற்றத்தைப் பற்றித்தான் குறை சொல்கிறான், பட்டறைக்காரனும் ஏற்றத்தைத்தான் பார்க்கிறான். ஒடிந்த ஆக்ஸிலைக் கட்டி இழுத்து வந்த அன்றே உடைந்த வாயைத் துடைத்துப் பார்த்தான். பாதி வெள்ளையாகச் சர்க்கரை மாதிரி மின்னியது, அது அன்றைக்கு ஒடிந்தது. மீதிப் பாதி கறுப்பு, எண்ணெயும் துருவும் ஏறிய பழைய விரிசல். ஒரு வருசம், ஒன்றரை வருசம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டு வந்திருக்கிறது, ஒவ்வொரு இறக்கத்திலும். வேறு யாரும் பார்ப்பதற்கு முன்னால் கேஸ் கட்டரால் அதை நாலு துண்டாக்கிப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டான். அதற்கு மறுநாள்தான் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். அவரிடம் பொய் எதுவும் சொல்லவில்லை. பாதியைச் சொன்னான்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். வெல்டு இழுத்த பக்கத்துக்கு நேர் எதிரே குழாயில் ஒரு இடத்தைக் கேஸ் விளக்கால் சிவக்கச் சூடு பண்ண வேண்டும். அது ஆறும்போது அந்தப் பக்கமாக இழுத்து, போன கோணலைத் திருப்பிக் கொண்டுவரும். எவ்வளவு சூடு, எப்போது நிறுத்துவது என்பதைத் தண்டில் கை வைத்திருக்கிறவன்தான் சொல்ல முடியும். தண்டு ஒரு முனையில், தீ ஒரு முனையில். ஒற்றை ஆளால் ஆகாது. டீக்காரரைக் கூப்பிடலாமா என்று யோசித்தான். யோசித்ததற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. வாசலுக்குப் போய் நின்று, மாப்ள என்ற சொல் நாக்குவரை வந்து அங்கேயே ஒட்டிக்கொள்ள, வெறுமனே உள்ளே வந்து ஷாப்டைப் பிடி என்று மரத்தைப் பார்த்துச் சொன்னான். தவமணி பீடியைத் தரையில் அழுத்திவிட்டு எழுந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான், என்னமோ கோயிலுக்குள் நுழைகிற மாதிரி. ‘செருப்பப் போடு, கீழ நெருப்பு கெடக்கு’ என்று குபேந்திரன் கத்தினான். மரத்திடம் சொன்னதை விட்டால், நாலு மாதத்துக்குப் பிறகு அவனிடம் சொன்ன முதல் வார்த்தைகள் இவைதான்.

தீயைப் பற்றவைத்து நீலமாக்கிக் குழாயின் அடுத்த பக்கத்தில் காட்டினான். சிவந்தது. தண்டு இன்னும் இறுகுவதாகத் தவமணி சொன்னான், அப்படித்தான் இருக்கும், சூட்டில் முதலில் எதிர்ப்பக்கம் போகும், ஆறும்போதுதான் திரும்பும் என்று குபேந்திரன் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். தீயை அணைத்தான். இனி இரண்டு பேரும் காத்திருக்க வேண்டும். ஈரத்துணி போடக் கூடாது, காற்றாடி போடக் கூடாது, தானாக ஆற வேண்டும். தவமணி தண்டின் நுனியை விரல்களால் பிடித்தபடி குந்தியிருந்தான், நாடி பார்க்கிறவன் மாதிரி. அந்தக் கன்னத்தை இவ்வளவு பக்கத்தில் பார்க்க நேர்ந்ததில் குபேந்திரனுக்கு எரிச்சல் மண்டியது. சவரம் பண்ணவில்லை. தாடியில் நரை. இந்த ஆள் எப்போது இப்படிக் கிழவனானான்? இப்போது கேட்கப் போகிறான், இது எத்தனை பேரைத் தாங்கும் மச்சான் என்று கேட்கத்தான் போகிறான், கேட்கட்டும், கேட்டால் இந்த ரெஞ்சாலேயே மண்டையில் போடுகிறேன். தவமணி தொண்டையைச் செருமினான்.

‘மச்சான், பின்னாடி கூடப் போட்ட அந்த ரெண்டு பட்டையவும் கழட்டிருவோம்.’

குபேந்திரன் ரெஞ்சைக் கீழே வைத்தான். எதற்கு என்று கேட்டது தன் குரல் மாதிரியே இல்லை. பட்டை போட்டதிலிருந்தே இறக்கத்தில் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டுதான் இறங்கியது என்றான் தவமணி, தரையைப் பார்த்துக்கொண்டு. பிரேக்கை மிதித்தால் முன்னால் கிறீச்சென்று ஒரு சத்தம் வருமாம், மழையில் கூடுதலாக வருமாம். ஆசையாகச் செய்து கொடுத்ததைக் குறை சொல்வானேன் என்று விட்டுவிட்டானாம். அது தன் தப்புத்தானாம். பத்துப் பேருக்கு மேல் இனி ஏற்றப் போவதில்லை, அதனால் அந்தப் பட்டைக்கும் வேலையில்லை என்றான்.

‘எப்பத் தெரியும் ஒனக்கு?’

‘அன்னைக்கே. வளரு கால வெளிய எடுக்குறதுக்கு வண்டிக்குக் கீழ படுத்தேன்ல, அப்பப் பாத்தேன். ஒடஞ்ச எடம் பாதி கறுப்பா இருந்துச்சு.’

‘நான் அடிக்கிறப்பத் தெரியுமா?’

‘தெரியும்.’

‘பின்ன ஏன்டா வாயத் தொறக்கல?’

தவமணி தண்டின் நுனியைப் பார்த்துச் சொன்னான். ‘அவ பக்கத்துல படுத்திருந்தா. அண்ணன் போட்ட பட்டைன்னு அந்த நேரத்துல அவ காதுல விழணுமா மச்சான்? ஏத்துனவன் நாந்தான. ஒரு அடிதான, வாங்கிட்டுப் போறேன்.’

குபேந்திரனுக்கு எழுந்து இன்னொரு அறை விட வேண்டும் போலிருந்தது, முதல் அறையைவிடப் பலமாக. நாலு மாதமாக இந்தப் பயல் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறான், கெட்டவன் அவன்தான் என்று நானும் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், இரும்பை அறுத்து ஒளித்தேன், இவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பீடி குடித்தான். கோபம் இருந்தது, முழுசாக அப்படியே இருந்தது, போய் உட்காரத்தான் ஆள் இல்லை. போன வேகத்தில் தவமணியிடமிருந்து திரும்பி வந்து நெஞ்சில் மோதியது. இவன் சொல்ல மாட்டான். இவன் சாகும்வரை சொல்ல மாட்டான். அவள் திங்கட்கிழமை அண்ணன் செய்த இரும்பு என்று நம்பி ஏறி உட்காருவாள், இவன் பக்கத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடியிருப்பான், நான் இங்கே இருந்து கையாட்டி அனுப்புவேன். நல்லாயிருக்கும் அந்தக் காட்சி, பார்க்கிறவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இதைவிட அவன் அன்றைக்கு எல்லார் முன்னாலும் கத்தியிருக்கலாம்.

‘மச்சான், லேசாகுது’ என்றான் தவமணி. அவன் விரலில் தண்டு முதலில் கால் சுற்று வந்தது, பிறகு அரை, பிறகு தங்கித் தங்கி முழுச் சுற்று. வழக்கமாக இந்த இடத்தில் குபேந்திரனுக்கு ஒரு சந்தோசம் வரும். இப்போது கையைக் கழிவுத்துணியில் துடைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். யாருக்கு என்று தவமணி கேட்டான். குபேந்திரன் எண்ணை அழுத்துவதைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, வேண்டாம் மச்சான், எதுக்கு மச்சான் என்று எழுந்து வந்தான். தண்டை விடாதே என்று குபேந்திரன் அவனை அதட்டி உட்காரவைத்தான். மூன்றாவது மணியில் வளர்மதி எடுத்தாள். ஆக்ஸில் முடிந்துவிட்டதா என்று கேட்டாள், பின்னால் குக்கர் சத்தம். முடியவில்லை, ஒன்று சொல்ல வேண்டும், நடுவில் பேசாமல் கேள் என்று ஆரம்பித்தான். பட்டை செருகியதைச் சொன்னான், பம்பரில் ஏறிக் குதித்ததைச் சொன்னான், இடிச்சு ஏத்து என்று தான் சொன்ன சொல்லை அப்படியே சொன்னான், பாதி கறுத்திருந்ததையும், அறுத்து எடைக்குப் போட்டதையும், இன்ஸ்பெக்டரிடம் பாதி சொன்னதையும், தவமணிக்கு அன்றைக்கே எல்லாம் தெரியும் என்பதையும் சொன்னான். அவன் யாரிடமும் இவ்வளவு நேரம் கத்தாமல் பேசியது கிடையாது. சொல்லி முடித்துவிட்டு, அவள் அழுவாள் என்று காத்திருந்தான், திட்டுவாள் என்று காத்திருந்தான், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. குக்கரை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. அவள் நடந்து வேறெங்கோ போய் உட்காருவது கேட்டது, ஒரு கால் அழுத்தமாகவும் ஒரு கால் இழுத்தும். அப்புறம் கேட்டாள், கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல.

‘அப்ப அவர எதுக்குண்ணே அடிச்ச?’